உள்ளூர்ச் சிறுவர்களா, வெளிநாட்டு வீரர்களா? கிழக்கு லண்டன் கால்பந்தாட்டத்தில் தீராத விவாதம்

லண்டன் மாநகரின் கிழக்கே அமைந்திருக்கும் மனோர் பார்க், உலகெங்கும் வாழும் தமிழர்களுக்கு அங்குள்ள ஸ்ரீ முருகன் கோயிலால் அறிமுகமான பகுதி. ஆங்கிலேயக் கால்பந்தாட்ட ரசிகர்கள் அதை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். இங்கிலாந்தின் உயர்மட்ட லீகில் 357 கோல்களை அடித்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையைப் படைத்த ஜிம்மி கிரீவ்ஸ் 1940-ஆம் ஆண்டு பிறந்தது இங்குதான். மனோர் பார்க்கின் வட எல்லையில் விரிந்துகிடக்கும் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளி, பல தலைமுறைகளாக ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தாட்டத்தின் களமாக இருந்து வருகிறது.

ஆயினும் இந்தப் புல்வெளியில் விளையாடும் சிறுவர்களில் எத்தனை பேர், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெரிய கழகங்களின் முதல் அணிக்குள் நுழைய முடிகிறது என்ற கேள்வி நீண்டகாலமாகவே எழுப்பப்பட்டு வருகிறது. ஆயத்தமான வீரர்களை வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்குவதா, அல்லது உள்ளூர்ச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்து உருவாக்குவதா என்பதே அந்த விவாதத்தின் சாரம். இதில் விளையாட்டு, வணிகம், சட்டம், சமூகம் ஆகிய நான்குமே பின்னிப் பிணைந்துள்ளன.

உள்ளூர் வீரர்களின் காலம்

மனோர் பார்க் அமைந்துள்ள நியூஹாம் பகுதியின் பிரதான கழகம் வெஸ்ட் ஹாம் யுனைடெட். தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக 1895-இல் தொடங்கப்பட்ட அணியிலிருந்து உருவானது இக்கழகம். 1904 முதல் 2016 வரை அப்டன் பார்க்கில் இருந்த மைதானமே அதன் இல்லமாக விளங்கியது.

1966-ஆம் ஆண்டு இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது, அணித் தலைவர் பாபி மூர், இறுதிப் போட்டியில் மூன்று கோல்களை அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், மற்றொரு கோலை அடித்த மார்ட்டின் பீட்டர்ஸ் ஆகிய மூவருமே வெஸ்ட் ஹாம் வீரர்கள். மூர் அருகிலுள்ள பார்க்கிங்கில் பிறந்தவர். பீட்டர்ஸ் பிளைஸ்டோவில் பிறந்தவர். இளம் வீரர்களை உருவாக்குவதில் பெற்ற புகழால், 'கால்பந்தாட்டக் கலாசாலை' என்ற பெயர் இக்கழகத்துக்கு நிலைத்தது.

1975-இல் வெஸ்ட் ஹாம் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது களமிறங்கிய பதினொரு பேரும் ஆங்கிலேயர்கள். முழுவதும் ஆங்கிலேயர்களைக் கொண்ட ஓர் அணி அக்கோப்பையை வென்றது அதுவே கடைசி முறை.

எனினும், அந்தக் காலத்தை உள்ளூர்த் திறமைக்குக் கிடைத்த இயல்பான மதிப்பாக மட்டும் காண முடியாது. வெளிநாட்டு வீரர்கள் விளையாட வேண்டுமானால் முதலில் இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தில் வசித்திருக்க வேண்டும் என்ற விதி 1931 முதல் நடைமுறையில் இருந்தது. நடைமுறையில் அது ஒரு தடையாகவே செயற்பட்டது. 1978-இல் அது நீங்கிய பிறகே, அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ ஆர்டிலெஸ், ரிக்கார்டோ வில்லா ஆகியோர் டோட்டன்ஹாம் கழகத்துக்கு வந்தனர். மறுபுறம், மனோர் பார்க்கில் பிறந்த கிரீவ்ஸே 1961-இல் இத்தாலியின் ஏ.சி. மிலான் கழகத்துக்குச் சென்று சில மாதங்கள் அங்கே 'வெளிநாட்டு வீரராக' விளையாடித் திரும்பியவர்தான்.

பாஸ்மன் தீர்ப்பும் அதன் பின்விளைவும்

நிலைமையை அடியோடு மாற்றியது 1995 டிசம்பர் 15-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய பாஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த வீரர் கட்டணமின்றி வேறு கழகத்துக்குச் செல்லலாம் என்றும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் குடிமக்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதே வேளையில், 1992-இல் தொடங்கிய ப்ரீமியர் லீகின் தொலைக்காட்சி வருவாய் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது.

ப்ரீமியர் லீகின் முதல் வாரப் போட்டிகளில் பிரிட்டன், அயர்லாந்து ஆகியவற்றுக்கு வெளியேயிருந்து வந்து முதல் பதினொருவரில் இடம்பெற்றவர்கள் 13 பேர் மட்டுமே. ஏழு ஆண்டுகள் கழித்து, 1999 டிசம்பர் 26-ஆம் தேதி, செல்சி கழகம் ஒரு பிரிட்டிஷ் வீரர்கூட இல்லாத பதினொருவரைக் களமிறக்கியது. 2005 பிப்ரவரியில் ஆர்சனல் கழகம், மாற்று வீரர்கள் உட்பட 16 பேரையும் வெளிநாட்டவராகவே தெரிவு செய்தது. லீகில் விளையாடப்பட்ட மொத்த நிமிடங்களில் ஆங்கிலேய வீரர்களின் பங்கு சுமார் 32 சதவீதம் மட்டுமே என 2013-இல் பிபிசி வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது.

வெஸ்ட் ஹாம் கழகமும் இந்த மாற்றத்திலிருந்து தப்பவில்லை. 1999-இல் இளையோருக்கான எஃப்.ஏ. கோப்பையின் இறுதிச் சுற்றில் கவென்ட்ரி அணியை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 9-0 என்று வென்ற அதன் அணியில் ஜோ கோல், மைக்கேல் காரிக் போன்றோர் இருந்தனர். ஆனால் அந்தத் தலைமுறையைக் கழகத்தால் தக்கவைக்க முடியவில்லை. ரியோ ஃபெர்டினாண்ட் 2000-இல் 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு லீட்ஸ் கழகத்துக்கும், ஃபிராங்க் லாம்பார்ட் 2001-இல் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்குச் செல்சிக்கும் விற்கப்பட்டனர். 2003-இல் வெஸ்ட் ஹாம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டதும் கோலும், அதற்கு அடுத்த ஆண்டு காரிக்கும் விலகினர்.

டெவெஸ் விவகாரம்

வெளிநாட்டு வீரர்களைத் திரட்டுவதிலுள்ள ஆபத்துகளுக்கும் இக்கழகமே ஓர் எடுத்துக்காட்டு. 2006 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ், ஹாவியர் மஸ்கெரானோ ஆகியோர் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கழகத்திலிருந்து வெஸ்ட் ஹாமுக்கு வந்தனர். இவர்களுடைய பொருளாதார உரிமைகள் கழகத்திடம் இல்லாமல், வெளி நிறுவனங்களிடம் இருந்தன. இதனை மறைத்ததற்காக 2007 ஏப்ரலில் வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. புள்ளிகள் குறைக்கப்படவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி நாளில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு எதிராக டெவெஸ் அடித்த கோல் வெஸ்ட் ஹாமைக் காப்பாற்றியது; ஷெஃபீல்ட் யுனைடெட் கீழிறங்கியது. இழப்பீடு கோரி ஷெஃபீல்ட் கழகம் நடத்திய சட்டப் போராட்டம் 2009-இல் சமரசத்தில் முடிந்தது. வீரர்கள் மீது மூன்றாம் தரப்பினர் உரிமை கொண்டாடுவதை ப்ரீமியர் லீக் 2008-இல் தடை செய்தது. 2015-இல் ஃபிஃபாவும் உலகளவில் தடை விதித்தது.

விதிகள் எந்த அளவுக்குப் பயன் தந்தன?

2010-11 பருவத்திலிருந்து, ப்ரீமியர் லீகின் 25 பேர் கொண்ட பட்டியலில், உள்நாட்டில் பயிற்றுவிக்கப்படாதவர்கள் அதிகபட்சமாக 17 பேரே இடம்பெறலாம் என்ற விதி அமலானது. ஆனால் 'உள்நாட்டில் பயிற்றுவிக்கப்பட்டவர்' என்பது குடியுரிமையைக் குறிப்பதல்ல. 21 வயதுக்கு முன்னர் மூன்று பருவங்கள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கழகம் ஒன்றில் பதிவு செய்யப்பட்டிருந்தால் போதுமானது. ஸ்பெயினிலிருந்து 16 வயதில் ஆர்சனலுக்கு வந்த செஸ்க் ஃபாப்ரகாஸ் இவ்விதியின்படி உள்நாட்டு வீரரே. இதனால் பெரிய கழகங்கள் வெளிநாட்டு வீரர்களை மேலும் இளம் வயதிலேயே திரட்டத் தொடங்கின என்பது விமர்சகர்களின் வாதம்.

2012-இல் அறிமுகமான இளையோர் பயிற்சித் திட்டம், கழகங்களின் பயிற்சிப் பள்ளிகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. பயிற்சியின் தரம் உயர்ந்தபோதிலும், சிறிய கழகங்கள் வளர்த்த சிறுவர்களைப் பெரிய கழகங்கள் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த இழப்பீட்டில் அழைத்துச் செல்ல அது வழிவகுத்தது. பயிற்றுவிக்கப்படாத வெளிநாட்டவர் எண்ணிக்கையை 17-லிருந்து 13-ஆகக் குறைக்க வேண்டும் என்று எஃப்.ஏ. தலைவராக இருந்த கிரெக் டைக் 2014-இல் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதையடுத்து, 2021 ஜனவரி முதல் 18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டவரை ஆங்கிலேயக் கழகங்கள் ஒப்பந்தம் செய்ய முடியாது. மற்றவர்களும் புள்ளி அடிப்படையிலான அனுமதியைப் பெற வேண்டியுள்ளது. நீதிமன்றம் 1995-இல் திறந்த கதவை அரசியல் ஓரளவு மூடியிருக்கிறது என்று கூறலாம்.

ரக்பி விளையாட்டிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. பிரான்ஸின் உயர்மட்ட ரக்பி லீக், உள்நாட்டுப் பயிற்சி பெற்றவர்களுக்கான குறைந்தபட்ச ஒதுக்கீட்டை 2010 முதல் படிப்படியாக உயர்த்தியது. இங்கிலாந்தில் தடைக்குப் பதிலாக ஊக்கத்தொகை வழங்கும் வழி பின்பற்றப்பட்டது. தேசிய அணிக்குத் தகுதியுள்ள வீரர்களைப் போதிய எண்ணிக்கையில் களமிறக்கும் கழகங்களுக்கு ரக்பி சங்கம் பணம் வழங்கியது.

இருதரப்பு வாதங்கள்

வெளிநாட்டு வீரர்களின் வரவால் தேசிய அணி நலிவடையும் என்பது நெடுநாளைய அச்சம். ஆனால் சான்றுகள் அதை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. இங்கிலாந்து 2018 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கும், அடுத்து வந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளில் இறுதிப் போட்டிக்கும் முன்னேறியது. 2017-இல் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையையும், அதே ஆண்டு கொல்கத்தாவில் ஸ்பெயினை 5-2 என்று வென்று 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பையையும் கைப்பற்றியது. உலகின் சிறந்த வீரர்களோடு தினமும் பயிற்சி பெறுவது எஞ்சியவர்களின் தரத்தை உயர்த்துகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். எஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பதே மறுதரப்பின் கேள்வி.

இந்திய அனுபவம் வேறானது. 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் ஒவ்வோர் அணியும் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்க முடிந்தது. இந்த எண்ணிக்கை 2017-18-இல் ஐந்தாகவும், 2021-22-இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட கழகங்கள் கோல் அடிக்கும் இடங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே வழங்கின. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, அடுத்த ஆண்டு மார்ச்சில் 40 வயதில் இந்தியா மீண்டும் அழைக்க நேர்ந்தது, அவருடைய இடத்துக்கு எவரும் உருவாகவில்லை என்பதையே காட்டியது. உறுதியான பயிற்சிக் கட்டமைப்பு உள்ள நாட்டில் வெளிநாட்டவர் போட்டியாளர்களாகவும், அது இல்லாத நாட்டில் மாற்றாகவும் ஆகிவிடுகின்றனர் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வணிகக் கணக்கு இருபுறமும் வெட்டுகிறது. விலைக்கு வாங்கப்பட்ட வீரரின் தொகை ஒப்பந்த ஆண்டுகளில் பிரித்துச் செலவாகக் காட்டப்படுகிறது. சொந்தப் பயிற்சியில் வளர்ந்தவரை விற்றால் கிடைப்பது ஏறத்தாழ முழுவதுமே இலாபம். இதனால் உள்ளூர் வீரரை உருவாக்குவது இலாபகரமானது. ஆனால் அவரை வைத்திருப்பதைவிட விற்பதே மேலும் இலாபகரமானது. செல்சி 14 வயதில் விடுவித்த டெக்லன் ரைஸை வெஸ்ட் ஹாம் வளர்த்தெடுத்தது. 2023 ஜூனில் அவர் தலைமையில் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையை வென்ற கழகம், அடுத்த மாதமே அவரை 10 கோடி பவுண்டுக்கும் அதிகமான தொகைக்கு ஆர்சனலுக்கு விற்றது.

'உள்ளூர்' என்பவர் யார்?

வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் விளையாடிவந்த செனராப் என்ற சிறுவர் கழகத்திலிருந்து ஜான் டெரி, லெட்லி கிங், ஜெர்மெய்ன் டெஃபோ, பாபி சமோரா ஆகியோர் உருவாகி இங்கிலாந்துக்காக விளையாடினர். இந்தப் பட்டியலே 'உள்ளூர்' என்ற சொல் காலப்போக்கில் எவ்வாறு விரிவடைந்தது என்பதைக் காட்டுகிறது.

அந்த விரிவாக்கத்தில் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் பங்குண்டு. பெர்முடா தீவிலிருந்து 1968-இல் வந்த கிளைட் பெஸ்ட், கறுப்பின வீரர்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் வெஸ்ட் ஹாமின் முன்னணி வீரரானார். 1972 ஏப்ரலில் டோட்டன்ஹாமுக்கு எதிராக அவருடன், லாகோஸில் பிறந்த அடே கோக்கரும், கிழக்கு லண்டனில் பிறந்த கிளைவ் சார்ல்ஸும் களமிறங்கினர். வெளிநாட்டு வீரர் ஒருவரின் வெற்றி, கழகம் அதுவரை திரும்பிப் பாராத உள்ளூர்க் குடும்பங்களுக்கும் நம்பிக்கை அளித்தது.

தெற்காசியச் சமூகங்களைப் பொறுத்தவரை அத்தகைய திருப்பம் இன்னும் ஏற்படவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நியூஹாம் மக்களில் 42.2 சதவீதத்தினர் ஆசிய வம்சாவளியினர். ஆனால் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் தெற்காசிய வம்சாவளியினரின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வெஸ்ட் ஹாம் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த, வங்கதேச வம்சாவளியைச் சேர்ந்த அன்வர் உதின், கழகத்தின் முதல் அணிக்கு விளையாடாமலே வெளியேறினார். பின்னர் அவர் டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் கழகத்தின் தலைவராக இருந்து, 2007-இல் அதைக் கால்பந்து லீகுக்குள் கொண்டுவந்தார்.

பெற்றோர் படிப்புக்கே முன்னுரிமை தருகின்றனர் என்பது கழகங்கள் தரப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த விளக்கம். வீரர்களைத் தேடுவோர் வழக்கமான கழகங்களையே சுற்றிவருகின்றனர், ஆசியர்களுக்கான லீக் போட்டிகளைக் காண்பதில்லை, உடல்வாகு குறித்து முன்முடிவோடு இருக்கின்றனர் என்பது சமூகத் தரப்பின் பதில். தொழில்முறை வீரர்கள் சங்கம் 2021-இல் ஆசிய வீரர்களுக்கென வழிகாட்டும் திட்டமொன்றைத் தொடங்கியது, இந்தக் குறைபாடு ஏற்கப்பட்டதன் அடையாளம்.

2024 ஆகஸ்டில், வேல்ஸில் பிறந்த தமிழரான விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்துக்காகக் களமிறங்கி, ஆங்கிலேயத் தொழில்முறைக் கால்பந்தாட்டத்தில் விளையாடிய முதல் தமிழராக அறியப்பட்டார். தமிழர்கள் செறிந்து வாழும் கிழக்கு லண்டனிலிருந்து அல்லாமல், அவர்கள் மிகக் குறைவாக வாழும் பகுதியிலிருந்து முதல் வீரர் தோன்றியது கவனிக்கத்தக்கது.

வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் மட்டும் மனோர் பார்க் சிறுவனுக்கு இடம் கிடைத்துவிடப் போவதில்லை. காலியாகும் இடத்தை நிரப்ப, ஏற்கெனவே கழகத்தின் பார்வையில் இருப்பவர்களே முதலில் அழைக்கப்படுவார்கள். ஆகவே, வரம்பு விதிகளைவிட முக்கியமானவை இரண்டு: எட்டு, ஒன்பது வயதில் எந்த மைதானங்களில் திறமை தேடப்படுகிறது என்பதும், 18 முதல் 21 வயதுவரை பயிற்சி முடித்தவருக்கு உண்மையான போட்டிகளில் எத்தனை வாய்ப்புகள் தரப்படுகின்றன என்பதும். இவ்விரண்டையும் சட்டத்தால் முழுமையாகக் கட்டாயப்படுத்த முடியாது. அவை கழக நிர்வாகங்களின் முடிவைச் சார்ந்தவை. அந்த முடிவுகளை விளையாட்டுத் திறனுடன் சேர்த்துப் பருவ இறுதியின் புள்ளிப் பட்டியலும் தீர்மானிக்கிறது.