1871: சூக் வரை வந்த அகதிப் படை

1871 பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலையில், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய சுவிஸ் சிற்றூரான லெ வெரியேரில் சுவிஸ் தளபதி ஹான்ஸ் ஹெர்சோகும் பிரெஞ்சுத் தளபதி கிளேன்ஷானும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஜெர்மானியரிடம் தோற்றுப் போக்கிடமின்றி நின்ற பிரெஞ்சுப் படை, அதாவது கிளேன்ஷானுக்கு முன் தளபதியாக இருந்த பூர்பாகியின் பெயரால் அறியப்பட்ட படை, ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டுச் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகலாம் என்பது அதன் சாரம். அடுத்த சில நாட்களில் சுமார் 87,000 பேர் பனியில் நடந்து வந்து சேர்ந்தார்கள். பலர் காலில் கந்தல்தான் சுற்றியிருந்தது. பசி தாளாத குதிரைகள் மரப்பட்டையைக் கடித்தன. ஒன்றின் பிடரிமயிரை இன்னொன்று தின்றது. கூடவே பெரியம்மையும் டைபாய்டும் வந்தன.

அன்றைய சுவிட்சர்லாந்தின் மக்கள் தொகை 27 லட்சத்தை எட்டவில்லை. ஆகவே வந்தவர்களை ஒரே முகாமில் அடைக்காமல், டிச்சினோ நீங்கலாக எல்லா மாநிலங்களுக்கும் பிரித்து, 188 ஊர்களில் தங்கவைத்தார்கள். சுமார் 21,000 பேரே வாழ்ந்த சூக் மாநிலமும் தன் பங்கை ஏற்றது. நாடெங்கும் தேவாலயங்களும் பள்ளிக்கூடங்களும் தங்குமிடங்களாயின. சுமையைப் பகிர்ந்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அதே ஏற்பாடுதான் பெரியம்மை ஊர் ஊராகப் பரவவும் வழி திறந்தது.

அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் நோயாளிகளின் பக்கத்தில் இருந்தவர்கள். பயிற்சி பெற்ற செவிலியர் அன்று அரிது. லோசானின் லா சூர்ஸ் செவிலியர் பள்ளி தொடங்கியதே 1859-இல்தான். கத்தோலிக்கப் பகுதிகளில் இப்பணி பெரிதும் கன்னியர் கையில் இருந்தது. சூக் மாநிலத்து மென்சிங்கனில் 1844-இல் பிறந்த திருச்சிலுவைச் சபை கல்வியையே முதன்மையாகக் கொண்டது. அதிலிருந்து பிரிந்து 1856-இல் தனிச் சபையான இங்கன்போல் கன்னியர் மருத்துவமனைகளையும் ஏழைகள் இல்லங்களையும் கவனித்தார்கள். கஞ்சி காய்ச்சுவது, துணி வெளுப்பது போன்ற மற்ற வேலைகள் ஊர்மக்கள் தலையில் விழுந்தன. அவர்களையும் தொற்று விடவில்லை.

மார்ச் மாதத்தில் படை ஊர் திரும்பியபோது சுமார் 1,700 பேர் சுவிஸ் மண்ணில் புதைக்கப்பட்டிருந்தார்கள். பராமரிப்புச் செலவைப் பிரான்ஸ் பின்னர் ஈடுகட்டியது. அந்தப் படையுடன் செஞ்சிலுவைத் தொண்டராக இருந்த ஓவியர் எட்வார் காஸ்த்ர் அதன் வருகையை 1881-இல் வரைந்த பிரம்மாண்ட வட்ட ஓவியம், சூகிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லுசெர்னில் இன்றும் இருக்கிறது.

1871-இன் அனுபவத்துக்குப் பிறகும், பெரியம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய கூட்டாட்சிச் சட்டத்தை 1882-இல் ஐந்தில் நான்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள். அந்தக் கட்டாயத்தை நீக்கிய பிறகே, 1886-இல், நாடு முழுவதற்குமான கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது.