தோலுக்கும் திசை உண்டு

ஆம்பூரில் ஷூவின் மேற்பகுதியான அப்பரை வெட்டப் பழகுகிறவன் முதலில் கத்தியைத் தொடுவதில்லை. தோலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்க்கவேண்டும். முதுகெலும்பு போன வாக்கில் இழுத்தால் விறைப்பாக நிற்கும். வயிற்றுப் பக்கம் இழுக்க இழுக்கக் கொடுக்கும். விறைப்பான வாக்கு ஷூவின் நீளவாக்கில் வரவேண்டும், இல்லாவிட்டால் லாஸ்ட் என்னும் கால் அச்சில் ஏற்றும்போது கோணிக்கொள்ளும். ஏன் அப்படி என்று கேட்டால் எங்கள் மேஸ்திரி, "மாட்டைப் போய்க் கேளு" என்பார்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1861-இல் வியன்னாவின் உடற்கூற்று அறிஞர் கார்ல் லாங்கர், பிணங்களின் தோலை உருண்டை முனைக் குத்தூசியால் குத்திப் பார்த்தார். வட்டமாக இருக்கவேண்டிய துளைகள் நீண்ட கீறல்களாக விரிந்தன. உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு திசையில். நார்கள் இழுபட்டுக் கிடக்கும் வாக்கு அது. மாட்டுக்கும் அப்படித்தான். தின்றால் உப்பி, சினையானால் இன்னும் பெருக்கவேண்டிய வயிற்றில் நார்கள் தளர்ந்து கிடக்கும்.

அந்த நாருக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை அவிழ்த்தது சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். அந்த நாரின் புரதமான கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னவர், அங்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னல். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தும், தெளிவான எக்ஸ்ரே படம் கிடைத்தது கங்காரு வாலின் தசைநாணில்! காரணம் இருக்கிறது: தோலில் நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும், தசைநாணில் எல்லாம் ஒரே வாக்கில் ஓடும்.

ராமச்சந்திரனும் உடன் ஆய்ந்த கோபிநாத் கர்த்தாவும் 1954-55-இல் 'நேச்சர்' இதழில் சொன்ன விடை, சடைபோல முறுக்கிய மூன்று சங்கிலிகள். முறுக்கின் நடுவே இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும், அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுவே. அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன என்று அதே புதிரை ஆராய்ந்த அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தார்கள். எவ்வளவு நெருக்கம் தாங்கும் என்று ராமச்சந்திரன் குழு கணக்குப் போடப் போய், 1963-இல் பிறந்ததுதான் இன்று எந்தப் புரதத்தின் அமைப்பையும் சரிபார்க்கும் ராமச்சந்திரன் வரைபடம். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்காததில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

பச்சைத்தோலை ஈரத்தோடு சூடாக்கினால் 60 டிகிரியைத் தாண்டியதும் கொலாஜனின் அந்த முறுக்கு அவிழ்ந்து சுருண்டுவிடும். குரோமிய உப்பு ஏறினால் சங்கிலிகளுக்கு இடையே பிணைப்பு விழுந்து, கொதிநீரையும் தாங்கும். அதனால்தான் குரோமிய உப்பேற்றும் டிரம்மிலிருந்து எடுத்த தோலில் ஒரு துண்டு நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். சுருங்கினால் அந்த லாட் முழுவதும் மறுபடி டிரம்முக்கு.