குறையோடு அச்சேற்றத் துணிந்தவர்: வட்டுக்கோட்டை மாணவர் சி. வை. தாமோதரம்பிள்ளை

1823இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் பிழை என்பது தோல்வியாகவே பார்க்கப்பட்டது. 1829 மார்ச்சில் நேர்ந்த சந்திரகிரகணம் அதற்குச் சான்று. அயலூரான அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பு கிரகணம் தொடங்கும் நேரத்திலும் நீடிக்கும் அளவிலும் அதிபர் டானியல் பூரின் கணிப்பிலிருந்து வேறுபட்டது. பூரின் கணிப்பே பலித்தது. மிஷனரிமார் அதைச் சுதேசக் கல்வியின் வீழ்ச்சியாகப் பறைசாற்றினர். கணிப்பை ஊரறியச் சோதித்தது நல்ல வழக்கமே. பிழைத்தவரைத் தலைகுனிய வைக்க அதைப் பயன்படுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை இந்தச் செமினரியில் பயின்றவர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். மற்றவரான விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவரே. தேர்வில் முதல்வராக நின்று பழகியவருக்குத் தம் அறியாமையை ஒப்புக்கொள்வது எளிதன்று. அந்த இடத்துக்கு அவர் படிப்படியாகவே வந்து சேர்ந்தார்.

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது, ஆறுமுக நாவலர் அதைப் பரிசோதித்துக் கொடுத்தார். பிழையற்ற பதிப்பு என்றால் நாவலர் பதிப்பு என்று பெயர் வாங்கியிருந்த காலம் அது. நாவலர் பார்த்துவிட்டார் என்ற ஒன்றே போதிய காப்பாக இருந்தது. 1879இல் நாவலர் மறைந்தார். 1881இல் வீரசோழியம் வெளிவந்தபோது அந்தக் காப்பு இல்லை. 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று பதிப்புகள் தொடர்ந்தன. வழக்கறிஞர் தொழிலுக்கும் பின்னர் புதுக்கோட்டை நீதிபதிப் பதவிக்கும் இடையே செய்த வேலை இது.

இந்த நூல்களின் பதிப்புரைகளில்தான் மாற்றம் தெரிகிறது. ஏடுகள் செல்லரித்து உதிர்ந்துகொண்டிருந்தன. கிடைத்த பிரதிகளில் பாடம் ஒன்றுக்கொன்று முரண்பட்டது. சில இடங்களில் எழுத்தே இல்லை. ஐயமறத் தெளிந்த பிறகுதான் அச்சிடுவது என்று காத்திருந்தால் நூலே மிஞ்சாது என்பதை அவர் கண்டார். பெரும் பட்டங்களைச் சுமந்த வித்துவான்கள் இவ்வேலையில் கைவைக்காத நிலையில், இன்னும் தமிழ் படித்துக்கொண்டிருக்கும் தம்மைப் போன்றவர்களே இதில் இறங்கவேண்டியதாயிற்று என்று எழுதினார். இதை அவையடக்க மரபு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது போதிய விளக்கமாகப் படவில்லை. அவையடக்கம் பாடிய புலவர் காவியத்தை முடித்துவிட்டே பணிந்து நிற்பார். தாமோதரம்பிள்ளையோ வேலை முடியவில்லை என்பதைச் சொல்லி, திருத்த வல்லவர்களை அழைக்கிறார். தாம் முழுமையான அறிஞர் அல்லர் என்பதை ஏற்றுக்கொண்டதே அவருடைய துணிவுக்கு அடிப்படை. மானத்தைக் காக்க ஏட்டைக் கைவிடுவதா, ஏட்டைக் காக்க மானத்தைப் பணயம் வைப்பதா என்ற நெருக்கடியில் அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

பிழை நேராமலும் இல்லை. 1885ஆம் ஆண்டுப் பதிப்பு பொருளதிகார உரை முழுவதையும் நச்சினார்க்கினியர் பெயரில் தந்தது. கடைசி நான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழில் நிறுவினார். சிறிய தவறன்று இது. நூலின் அட்டையிலேயே நின்ற தவறு. ஆனால் அதைக் கண்டறிய உரை முழுவதும் அச்சில் இருக்கவேண்டும். அதை அச்சில் வைத்தவர் 1901இலேயே காலமாகிவிட்டார்.

திருத்தம் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு சுன்னாகத்தில் அச்சான பொருளதிகாரம் இரண்டு பகுதிகளாக வந்தது: பின்னான்கு இயல்கள் பேராசிரியர் உரையோடு 1943இலும், முன்னைந்து இயல்கள் நச்சினார்க்கினியர் உரையோடு 1948இலும்.