இரசிகரும் படவரிசையும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழ்த் திரைப்படத்தை ஆராய்வோர் நடிகரையும் கட்சியையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். இரசிகன் தானே விரும்பி மேற்கொண்ட ஒரு தொழிற்பாட்டினை, அதாவது படங்களை வரிசைப்படுத்துவதையும் மற்றவனது வரிசை யாதென ஊகிப்பதையும், எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இதனை வீண்பொழுது போக்கென ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை.

இவ்வழக்கத்தின் வளர்ச்சியில் இலங்கைக்குத் தனியானதோர் இடமுண்டு. 1952இல் இந்தியத் தகவல், ஒலிபரப்பு அமைச்சராகிய பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரையிசையை விலக்க முற்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கிற்று. ஆரம்பத்தில் ஏழு இந்திப் பாடல்கள் ஒழுங்கின்றி ஒலிபரப்பப்பட்டன. அவற்றைச் சரியான ஒழுங்கில் நிரற்படுத்தி எழுதியனுப்புவது நேயரின் வேலை. சில ஆண்டுகளுள் இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் கொண்டு நிகழ்ச்சியே வரிசையை அறிவிக்கலாயிற்று. பற்பசை விற்கும் கம்பனியின் நோக்கம் வேறு. அதன் பணத்தில் உருவான பழக்கமோ, முகமறியாத பிறர் எதை விரும்புவர் என்று கணிக்கும் பழக்கம்.

தமிழ் வர்த்தக சேவையில் எஸ். பி. மயில்வாகனன் முதலானோர் வளர்த்த மரபில், பாடலை விரும்பிக் கேட்டவரின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டன. கல்முனைக்கு அயலிலுள்ள சொறிக்கல்முனை போன்றதொரு சிற்றூர் நாடாளாவிய ஒலியில் இடம்பெறுவதற்கு அந்நாளில் வேறெத்தனை வழிகள் இருந்தன? அம்பாறைக் கரையில் முஸ்லிம், இந்து, கத்தோலிக்க ஊர்கள் அடுத்தடுத்து அமைந்தவை. வழிபாட்டிடங்கள் வேறாயினும் வானொலி ஒன்றே. கொட்டகையில் தமிழர் அனைவரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் அமர்ந்தனர் எனவும், ஆங்கே இருக்கையைத் தீர்மானித்தது குலமன்று, காசே எனவும் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் சுட்டிக்காட்டினார். வானொலிக்கு அந்த 'கலரி' வேறுபாடும் இருக்கவில்லை. கொட்டகைக்குத் தனியே செல்ல இயலாத பெண்களும் அஞ்சலட்டையில் தம் விருப்பத்தைப் பதிவு செய்யக்கூடியதாயிற்று.

வரிசைப் போட்டியின் உச்சம் எம். ஜி. ஆர்., சிவாஜி இரசிகர் பிளவேயாகும். இருவரும் சேர்ந்து நடித்த படம் 'கூண்டுக்கிளி' (1954) ஒன்றே என்பதால், இருவரையும் ஒரே திரையில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லாதிருந்தது. ஆகவே ஓடிய நாட்களே அளவுகோலாயின. விந்தை யாதெனில், தன் நாயகனின் படக்கணக்கைப் போலவே மாற்றணி நாயகனின் கணக்கையும் இரசிகன் மனப்பாடமாக வைத்திருந்தான். 'பாசமலர்' (1961) என்று ஒருவன் சொல்லுமுன்பே அவன் அதைத்தான் சொல்வான் என மற்றவன் அறிவான். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) என்பவனைப் பற்றியும் அவ்வாறே. விருப்பப் படத்தை ஊகிப்பது உண்மையில் ஆளை ஊகிப்பதேயாம்: அவனது தொழில், வயது, எதன்மீது கோபம் என்பவற்றை.

எனினும் நாட்கணக்கை அப்படியே நம்பலாகாது. 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன்வசமாக்கிற்று. வரும் தமிழ்ப் படங்கள் குறைந்தன. வந்தவை நெடுநாள் ஓடின. 'வசந்த மாளிகை' (1972), 'உத்தமன்' (1976) ஆகியவற்றின் நீண்ட ஓட்டம் இரசனையை மட்டுமன்றித் தட்டுப்பாட்டையும் காட்டுகின்றது. தமிழகத்து நாட்கணக்கோடு அதனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். அறிஞருலகின் வரிசைகளும் இக்குறையினின்று நீங்கியவையல்ல. 'சைட் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடத்தும் வாக்கெடுப்பில் 'சிற்றிசன் கேன்' 1962 முதல் 2002 வரை முதலிடத்தில் நின்றது. 2022இல், வாக்களிப்போர் தொகை பெருகியபோது, சாந்தால் அக்கெர்மன் என்ற பெண் நெறியாளரின் படம் அவ்விடத்தைப் பெற்றது. மாறியது படமன்று, கேட்கப்பட்டவர்களே.

அவ்வாறாயின், எமது நாட்டுத் தமிழ்ப் படங்கள் எவரது வரிசையில் இடம்பெற்றன? 'தோட்டக்காரி' (1963), 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) என்பன தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட நேர்ந்தவை. எமது விமர்சகர் சிலர் அவற்றைக் கடமைக்காகப் பாராட்டினர். இரசிகர் அக்கடமையை ஏற்கவில்லை. இதில் இரசிகரை மட்டும் குறைகூறுவது நியாயமாகத் தோன்றவில்லை.

1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. பல படங்களின் மூலச்சுருள்கள் அங்கே சாம்பலாயின. சுருள் அழிந்த படத்துக்குப் பார்த்தவரின் நினைவே சான்று. அந்நினைவு பெரும்பாலும் 'இதைவிட அது நல்லது' என்ற ஒப்பீடாகவே, ஒரு வரிசையாகவே, எஞ்சியிருக்கின்றது. வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிய தலைமுறையிடம் அவ்வரிசைகளைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை எமது சங்கங்கள் இன்னும் தள்ளிப்போடலாகாது.