ரகுநாதன், தொ.மு.சி. (1923–2001)

தொ.மு.சிதம்பர ரகுநாதன் தமிழின் முன்னோடி மார்க்சிய விமர்சகர்களில் ஒருவர்; நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர். 'திருச்சிற்றம்பலக் கவிராயர்' என்ற பெயரில் கவிதைகளும் எழுதினார். 1923 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அண்ணன் தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், ரசிகமணி டி.கே.சி.யின் அணுக்கச் சீடர். குற்றாலத்தில் குடியேறிய டி.கே.சி. கம்பன் பாடல்களைப் பாடிக்காட்டிச் சுவைக்கச் செய்துகொண்டிருந்தார்; தம்பியோ, பாடலை எழுதியவன் யார், எந்த வர்க்கத்துக்காக எழுதினான் என்று கேட்கும் பக்கம் போனார். அந்த வழியில் வந்த அவரது தொடக்ககால நூல் 'இலக்கிய விமர்சனம்' (1948).

நண்பரான எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் மறைந்ததும், அவரது எழுத்துகளைத் தேடித் திரட்டும் வேலையில் இறங்கினார். 'புதுமைப்பித்தன் வரலாறு' 1951இல் வெளிவந்தது. நட்புக்காக எதையும் மூடி மறைக்காத நூல் அது. தமிழில் எழுத்தாளர் வரலாறு எழுத வருபவர்கள் முதலில் படிக்க வேண்டியதும் அதுவே.

'பஞ்சும் பசியும்' (1953) நாவல், நெய்ய நூல் கிடைக்காமலும், நெய்த துணி விலைபோகாமலும் தறி நின்றுபோன நெல்லைச் சீமைக் கைத்தறி நெசவாளர்களின் கதை. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அடுத்து அவர் நடத்திய 'சாந்தி' மாத இதழ் (1954–56) குறுகிய ஆயுள் கொண்டது. ஆனால் சுந்தர ராமசாமியின் தொடக்ககாலக் கதைகள் சில அதில்தான் வந்தன.

பிறகு சென்னையில், சோவியத் அரசின் 'சோவியத் நாடு' இதழ் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணி. மார்க்சிய விமர்சகருக்குச் சோவியத் அரசே சம்பளம் தந்தது என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. கார்க்கியின் 'தாய்', மாயகோவ்ஸ்கியின் லெனின் கவிதாஞ்சலி போன்றவற்றை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அலுவலக வேலைக்கு அப்பால் செய்த ஆய்வுகளே இன்று நிற்கின்றன. 'பாரதி: காலமும் கருத்தும்' பழைய பத்திரிகைகளையும் அரசியல் சூழலையும் துருவிப் பார்த்து எழுதப்பட்டது; 1983இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 'இளங்கோவடிகள் யார்?' (1984), இளங்கோ சேர இளவரசர் என்ற மரபுக் கதையை மறுத்து, சிலப்பதிகாரத்தை வணிக வர்க்கத்தின் காப்பியமாக வாசித்தது. முடிவை ஏற்காதவர்களும் அதன் உழைப்பைக் குறைசொல்வதில்லை.

கடைசிக் காலத்தில் பாளையங்கோட்டையில் இருந்தார். புதுமைப்பித்தன் மீதான குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழியாக 'புதுமைப்பித்தன் கதைகள்: சில விமர்சனங்களும் விஷமத்தனங்களும்' (1999) எழுதினார். கோபம் சற்று மிகுந்த புத்தகம்; தலைப்பே அதைச் சொல்லிவிடும். 2001 டிசம்பர் 31 அன்று காலமானார். அவர் சேர்த்து வைத்திருந்த நூல்களும் இதழ்களும் எட்டயபுரத்தில் ரகுநாதன் நூலகமாக உள்ளன.