பலகையில் ஒன்றியம், சம்பளத்தில் அரசு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களில் தொடக்கப் பள்ளிகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். வடக்கே திருப்போரூர், தெற்கே திருக்கழுக்குன்றம் என்று ஒன்றியத்தின் பெயர் மாறும்; ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்பது மாறாது. ஆனால் உள்ளே பாடம் நடத்துபவர் ஒன்றியத்தின் ஊழியர் அல்லர், அரசு ஊழியர். அவருடைய நியமனத்திலோ இடமாறுதலிலோ ஒன்றியக் குழுத் தலைவருக்கு எந்த வேலையும் இல்லை. கட்டடம் மட்டும் ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் இருக்கிறது. மதிய உணவு சமூக நலத் துறையின் பொறுப்பு. 2022-இல் தொடங்கிய காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு அக்கா இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். உப்புக் காற்றில் சுற்றுச்சுவர் அரித்துப்போயிருந்தது. “எச்செம்மைக் கேட்டா பீடிஓ ஆபீசுக்குப் போங்கறாரு. அங்க போனா கல்வித் துறைய கேளும்மாங்கறாங்க. இந்த இஸ்கூலு யாருதுதான் சார்?”

பதில் ஏதோ ஒரு அரசாணையில் இருக்கும் என்றுதான் கிளம்பினேன். முதல் தடயம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பணிப்பதிவேட்டில் கிடைத்தது. 1-6-1981 என்ற தேதிக்கு மேலே இருந்த பதிவுகளில் எல்லாம் ஒன்றிய அலுவலகத்தின் கையெழுத்து. கீழே கல்வித் துறையின் கையெழுத்து. அந்த நாளில்தான், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர் இயக்கங்கள் நெடுங்காலம் கேட்டுவந்த கோரிக்கை அது. “ஏன் கேட்டீங்க சார்?” என்றேன். “சேர்மனுக்கு நம்மளப் புடிக்கலேன்னா ஒன்றியத்தோட அந்தக் கோடிக்குப் போயிடணும் தம்பி. எலெக்‌ஷன் வந்தா வயித்துல புளியக் கரைக்கும்” என்றார்.

அதிகாரம் ஊர்ப் பக்கம் இருந்தால் பள்ளி ஊருக்கு வளைந்துகொடுக்கும் என்று பேசுகிறோம். அந்த வளைவின் பாரம் யார் முதுகில் விழுந்தது என்று கேட்டால் கிடைக்கும் பதில் இது.

எங்கே தேடுவது என்பதே அடுத்த சிக்கல். பழைய செங்கல்பட்டு மாவட்டம் தன் பெயரைக் கொண்ட ஊரில் தலைநகரை வைத்துக்கொண்ட மாவட்டம் அல்ல. 1859 முதல் 1968 வரை கலெக்டர் கச்சேரி சைதாப்பேட்டையில் இருந்தது, பிறகு காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997 ஜூலையில் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29-இல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஒவ்வொரு பிரிவினையின்போதும் கோப்புகளும் பாகம் பிரிக்கப்படுகின்றன. ஆகவே மாவட்ட அலுவலகங்களை விட்டுவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கே கல்வித் துறை அட்டவணையை மட்டும் புரட்டுகிறவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். 1920களில் கல்வி, சட்டத் துறைக்குள் அடங்கியிருந்தது. அந்தக் கால ஆணைகள் ‘சட்டம் (கல்வி)’ என்ற தலைப்பில் இருக்கும். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு பள்ளிகளைப் பற்றிய ஆணைகளோ முதலில் லோக்கல் அண்ட் முனிசிபல் துறையிலும், பிறகு ஸ்தல சுயாட்சித் துறையிலும் கிடக்கும். பள்ளிக்கூடம் யாருடையது என்ற குழப்பம் கோப்புக்கட்டிலேயே தொடங்கிவிட்டது.

1884-ஆம் ஆண்டின் சென்னை லோக்கல் போர்டுகள் சட்டம் ஜில்லா, தாலுகா போர்டுகளுக்கு வழிசெய்தது. 1920-இன் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாவட்டந்தோறும் ஒரு ஜில்லா கல்விக் கவுன்சில். அதில் உள்ளாட்சி அமைப்புகள் தேர்ந்தெடுத்தவர்களும் அரசு நியமித்தவர்களும் இருந்தார்கள். பள்ளிகளுக்கு அங்கீகாரமும் மானியமும் அதன் வழியாகவே போக வேண்டும். உள்ளாட்சி விரும்பினால் கல்வி வரியும் போடலாம். அமெரிக்காவின் பள்ளி மாவட்டங்கள் இன்றும் ஏறக்குறைய இப்படித்தான்: தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், சொத்து வரியிலிருந்து பணம். நம் ஊரில் அது நிலைக்கவில்லை. 1934-இல் தாலுகா போர்டுகள் கலைந்தன. அந்தக் கவுன்சில்களும் பின்னர் மறைந்தன.

அந்த ஆண்டுகளைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. காரணம் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. மாவட்ட கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி 1891-இல் ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்த விவாதங்களுக்குப் பின், 1893-இல் கல்வித் துறை ஆணை எண் 68 வெளிவந்து, அவர்களின் பிள்ளைகளுக்குத் தனிக் கவனத்தோடு பள்ளிகள் அமைக்க வழி செய்தது. ஊர்ப் பெரியவர்கள் கையில் இருந்த பள்ளி கோயில் மண்டபத்திலோ அக்கிரகாரத்திலோ நடந்தால் சேரிப் பிள்ளை எப்படி உள்ளே போகும்? உள்ளூர்ச் சுதந்திரம் என்பது அங்கே கதவை மூடும் சுதந்திரமாகவும் இருந்தது. அதனால்தான் தொழிலாளர் துறை பின்னாளில் தனிப் பள்ளிகள் நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்போம் என்று 2023 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

நெகிழ்வு மேலிருந்து இறங்கியதும் உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக் கல்வி என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். நெய்யாடுபாக்கத்தில் பிறந்து கல்வித் துறை இயக்குநரான நெ.து. சுந்தரவடிவேலு பின்பு வேறொரு வழியைக் கண்டார். பள்ளிக்கு என்ன வேண்டும் என்பதை ஊரே பட்டியல் போட்டு ஊரே கொடுக்கட்டும் என்பது அது. அதுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் 1958-இல் கூடியது. ஊரார் பெஞ்சும் கூரையும் கொடுத்தார்கள். பணி நியமனம் அவர்கள் கேட்டதும் இல்லை, அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதும் இல்லை.

அதே 1958-இன் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாகி, 1960களின் தொடக்கத்தில் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. பலகையில் இன்று நாம் படிக்கும் பெயர் அப்போது வந்தது.

தேடலில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதற்கு அடுத்த கட்டம். 1981-இல் ஆசிரியர்கள் அரசின் கைக்குப் போனபோது ஒன்றியத் தலைவர்கள் ஏன் கூச்சல் போடவில்லை? தங்கள் ஊழியர்களில் பெரும்பகுதியை ஒரே நாளில் இழக்கிறவர்கள் தீர்மானம் போட்டிருப்பார்கள், கோட்டைக்கு வண்டி கட்டியிருப்பார்கள். தேர்தல் ஆண்டுகளை வரிசைப்படுத்தியதும் விடை தெரிந்தது. தமிழ்நாட்டில் 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்தது 1986-இல்தான். ஆசிரியர்கள் கைமாறிய நாளில் தலைவர் நாற்காலியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர் எவரும் இல்லை. தனி அலுவலர் இருந்தார். அரசு தன் அலுவலரிடமிருந்தே ஆசிரியரை வாங்கிக்கொண்டது. கட்டடத்தை மட்டும் அங்கேயே விட்டுவைத்தது. சுவருக்காக அக்கா அலைந்ததற்கான காரணம் இதுதான்.

2018 மே மாதத்து அரசாணை 101-ஐயும் இதோடு வைத்துப் பார்த்தேன். மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியை எடுத்துவிட்டு, எல்லாப் பள்ளிகளையும் முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ்க் கொண்டுவந்த ஆணை அது. அப்போதும் உள்ளாட்சிகளில் தனி அலுவலர்களே இருந்தார்கள். 2016-இல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் பல மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை நடக்கவில்லை. 2022-இல் அரசாணை 151 வந்து, தொடக்கக் கல்விக்குத் தனி மாவட்டக் கல்வி அலுவலரை மறுபடி அமர்த்தியது. ஒன்றாக்கியதும் பிரித்ததும் துறையின் உள்வீட்டு ஏற்பாடுகள்தாம்.

1981-க்குப் பிறகும் ஒன்றியம் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது: பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியலில். தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மூப்பு அவருடைய ஒன்றியத்துக்குள் கணக்கிடப்பட்டது. திருக்கழுக்குன்றத்து ஆசிரியருக்கு அங்கேயே தலைமையாசிரியர் பதவி கிடைக்கும். பிள்ளைகளும் பெற்றோரும் அவருக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவிலான மூப்பாக மாற்றியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் ‘டிட்டோஜாக்’ கூட்டமைப்பு தெருவில் இறங்கியது. ஒரு காலத்தில் ஒன்றியத்திடமிருந்து விடுதலை கேட்ட அதே ஆசிரியர் சமூகம் இம்முறை ஒன்றியத்தின் எல்லையைக் காப்பாற்றப் போராடியது. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியர்கள் வேண்டாம் என்றது தலைவரின் தயவை, ஊரை அல்ல.

இன்று ஊரின் குரலுக்குச் சட்டத்தில் இருக்கும் இடம், 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு. 2022-இல் தமிழ்நாடு அதைத் திருத்தி அமைத்தபோது 20 பேரில் 15 பேர் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், இரண்டு பேர் உள்ளாட்சிப் பிரதிநிதிகள். செங்கல்பட்டின் குப்பங்களில் 2021 அக்டோபரில் வென்ற வார்டு உறுப்பினர்களுக்கு இந்தக் குழுவில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழு எழுதலாம். சுவருக்குத் தீர்மானம் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம். காலிப் பணியிடத்தைப் பற்றித் தீர்மானம் போட்டால் அது வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகும். அங்கே அது ஒரு மனு.