மதராஸ் விழுங்கிய கிராமங்கள்: ஏரிக்கு முன்னே ஒரு மனிதர்

விக்டோரியா ராணி கண்ணை மூடிய 1901-இல் மாம்பலம், செங்கல்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தில் ஒரு கிராமம். பக்கத்திலேயே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்தது ஏரி. வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-களில் அதை வற்றவைத்து மனை பிரித்த கதைதான் இந்த வாரத்துக்கு உரியது. ஆனால், அந்த மனைகளின் மேல் தன் பெயர் நிற்கும் மனிதரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பிட்டி தியாகராயர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை என்றே வாழ்ந்ததால் ‘வெள்ளுடை வேந்தர்’. அவருக்கும் டாக்டர் டி.எம். நாயருக்கும் மாநகராட்சியில் மூண்ட சண்டையே ஒரு குளத்தைப் பற்றியதுதான். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சித் தண்ணீரை இலவசமாக விடலாம் என்றார் தியாகராயர். கூடாது என்றார் நாயர். பேச்சில் நாயர் சூரர்; நியாயமும் அவர் பக்கமே என்பது என் கட்சி. முறுக்கிக்கொண்ட இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர் நடேச முதலியார். 1916-இல் பிறந்தது நீதிக்கட்சி.

1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. கவர்னர் வெலிங்டன் முதல் மந்திரி பதவிக்குத் தியாகராயரை அழைத்தார், வேண்டாம் என்றுவிட்டார். அதே ஆண்டு, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் மதியச் சாப்பாடு போட அவர் தலைமையில் மாநகராட்சி முடிவெடுத்தது. பதவிக்கு அலைந்தவர்களை வீரர்களாக்கும் நம் சரித்திரப் புத்தகங்கள் இதற்கு எத்தனை வரி கொடுத்திருக்கின்றன?

1925 ஏப்ரலில் தியாகராயர் மறைந்தார். பனகல் அரசரின் ஆட்சியில் எழுந்த புது ஊர் அவர் பெயரைத் தாங்கியது. சண்டை போட்ட நாயருக்கு அங்கே ஒரு சாலை, சமாதானம் செய்த நடேசருக்கு ஒரு பூங்கா. 1928-இல் நல்லி சின்னசாமி செட்டியார் அங்கே பட்டுக்கடை போட்டார். இன்று தமிழ்நாடே முகூர்த்தப் புடவைக்குப் படையெடுக்கும் ஊரில் நிற்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளையின் பெயர். கவுன்சில் கூடித் தீர்மானம் போட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது!

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பால்கனிகளில் காயும் துணிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தத் தண்ணீர் போன வழியை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)